பூஜையறைக்கும் ஜெப அறைக்கும் கையால் வரைந்த எண்ணெய் ஓவியப் பிரதி: முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முன்னறைச் சுவரில் ஒரு படம் இருக்கும். ஒரு வீட்டில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி, பக்கத்து வீட்டில் திருஇருதய ஆண்டவர், அடுத்த தெரு சி.எஸ்.ஐ. வீட்டில் பாறைமேல் கைகோத்து ஜெபிக்கும் இயேசு. பெரும்பாலும் அச்சுப் படங்கள்தான். வெயில் பட்டுச் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப்போய், நீலம் மட்டும் மிஞ்சி நிற்கும்.

இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் பலர், அச்சுப் படத்துக்குப் பதிலாகக் கையால் வரைந்த ஆயில் பெயிண்டிங் வைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஒழுங்காகச் செய்த எண்ணெய் ஓவியம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். ஆனால் ஆசையாகச் செய்யச் சொல்லிவிட்டு, வந்த படத்தைப் பார்த்து மனம் சோர்ந்துபோகிறவர்களும் நிறைய. காரணம் பல நேரம் ஓவியரின் கை அல்ல, இவர்கள் கொடுத்த மாதிரிப் படம். காலண்டரைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்து, ‘இதே மாதிரி வரைஞ்சு தாங்க’ என்கிறார்கள். அவரும் இதே மாதிரியே வரைந்து தருகிறார். காலண்டரில் இருந்த கோளாறெல்லாம் நான்கடி உயரத்தில் சுவரில் ஏறிவிடுகிறது.

ஆகவே ஓவியரைத் தேடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

மூல ஓவியம் எது?

நம் கண்ணுக்குப் பழகிய லட்சுமியும் சரஸ்வதியும் ராஜா ரவி வர்மாவின் தூரிகையில் வந்தவர்கள். அவர் 1848-ல் பிறந்த கிளிமானூர், திருவனந்தபுரத்திலிருந்து எம்.சி. ரோட்டில் வடக்கே போனால் வந்துவிடும். 1868-ல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்கள் பலவற்றைப் பிடித்துக்கொண்டார் என்பார்கள். 1894-ல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். ஓவியத்தைப் பார்த்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று கையால் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேற்றுவது அங்கே நடந்த வேலை. அப்படி வந்த ஒலியோகிராஃப் படங்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பூஜையறைகளில் உட்கார்ந்தன. கல்லில் வரைந்தவரின் கை அதில் கலந்துவிட்டது. அந்த அச்சுப் படத்தைப் பார்த்துக் காலண்டர் வந்தது. காலண்டரைப் பார்த்து பிளெக்ஸ் வந்தது. ஒவ்வொரு படியிலும் முகம் கொஞ்சம் மாறியது, சேலை கொஞ்சம் மின்னியது, தோல் கொஞ்சம் வெளுத்தது.

மூலத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ரவி வர்மாவின் லட்சுமியில் உள்ளங்கையிலிருந்து காசு கொட்டாது. இரண்டு பக்கமும் யானை நிற்காது. ஒரே ஒரு யானை, துதிக்கையில் மாலையோடு நிற்கும். சரஸ்வதி வெள்ளைச் சேலையில் நீரோரப் பாறையில் அமர்ந்து வீணை மீட்டுகிறாள், பக்கத்தில் மயில். இரண்டிலும் முகத்தில் பவுடர் பூசிய இளஞ்சிவப்பு கிடையாது. நம் வீட்டுப் பெண்களின் சதை நிறம்தான். இந்த இரண்டும் பரோடா அரச குடும்பத்தின் தொகுப்பில் இருக்கின்றன. காலண்டர் லட்சுமிதான் உங்கள் மனதில் நிற்கிறாள் என்றால் அதையே வரையச் சொல்லலாம், தவறில்லை. ரவி வர்மா பிரதி என்று சொல்லிக் கேட்கும்போது மட்டும் அவருடையதையே கேளுங்கள்.

கிறிஸ்தவப் படங்களிலும் இதே கதைதான். திருஇருதயப் படத்துக்கு மூத்தது என்று சொல்லத்தக்கது, ரோமில் ஜேசு ஆலயத்தில் இருக்கும் பொம்பேயோ பட்டோனியின் 1767-ஆம் ஆண்டு ஓவியம். அதில் இயேசு தம் இருதயத்தை இடக் கையில் ஏந்தியிருக்கிறார். நம் வீடுகளில் உள்ள படங்களில் இருதயம் நெஞ்சின்மேல் தெரியும். அது பின்னால் வந்த வழக்கம். பட்டோனி வரைந்தது செம்புத் தகட்டின்மேல். அந்த வழவழப்பு துணியில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

இராப்போசனப் படத்துக்கு மூலம் லியோனார்டோ டா வின்சி 1495-க்கும் 1498-க்கும் இடையில் மிலான் மடத்தின் உணவறைச் சுவரில் வரைந்தது. சாப்பாட்டு மேசைக்கு எதிரே இதை மாட்டும் நம் வழக்கம் அந்த வகையில் பொருத்தமானதே. ஆனால் அது கேன்வாஸ் ஓவியம் அல்ல, காய்ந்த சுண்ணப் பூச்சின்மேல் வரைந்தது. லியோனார்டோ உயிரோடு இருந்தபோதே உதிரத் தொடங்கிவிட்டது. 1652-ல் அந்தச் சுவரில் கதவு வைக்க உடைத்ததில் இயேசுவின் பாதங்களே போய்விட்டன. இன்றைய சுவரின் புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைகிற ஓவியர் பாதி இடங்களை ஊகித்துத்தான் நிரப்பியாக வேண்டும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. லியோனார்டோவின் பாணியைப் பின்பற்றிய ஓவியர் ஜியாம்பியத்ரினோ 1520 வாக்கில் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பெரிய பிரதி, லண்டன் ராயல் அகாடமிக்குச் சொந்தமாக இருக்கிறது. அதில் பாதங்கள் உண்டு. மேசைமேல் இருக்கும் சாமான்களும் தெளிவு. மேல்பகுதி வெட்டுப்பட்டுவிட்டதால் கூரைக்கு மட்டும் மிலான் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். நிறத்துக்கும் முக பாவத்துக்கும் இந்த லண்டன் பிரதியையே ஓவியரிடம் கொடுங்கள். பொன் வளையங்களைத் தலைக்குப் பின்னால் சேர்க்கச் சொல்லாதீர்கள். லியோனார்டோ வைக்கவில்லை, ஜன்னல் வெளிச்சமே இயேசுவின் தலைக்குப் பின்னால் அந்த வேலையைச் செய்கிறது.

சீர்திருத்தச் சபை வீடுகளில் அதிகம் காணும், பாறைமேல் ஜெபிக்கும் இயேசுவின் கெத்செமனே படம் ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் ஹோஃப்மன் வரைந்தது. கையில் விளக்கோடு கதவு தட்டும் இயேசு, ஆங்கிலேய ஓவியர் ஹோல்மன் ஹண்ட் 1850-களின் தொடக்கத்தில் வரைந்து முடித்தது. அந்தக் கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளிருந்துதான் திறக்க முடியும். ‘இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற வசனம் அந்தக் கைப்பிடி இல்லாத கதவில்தான் இருக்கிறது. ‘பொருத்தமாக இருக்கும்’ என்று நினைத்து ஓர் ஓவியர் கைப்பிடி சேர்த்தால் படத்தின் பொருளே போயிற்று.

இன்னும் சிலவற்றுக்கு எண்ணெய் ஓவிய மூலமே கிடையாது. இடைவிடா சகாய மாதா மரப்பலகையில், பொன் பின்னணியில் வரைந்த திருவுருவம். உயரம் ஒன்றே முக்கால் அடிதான். அதை நான்கடிக்குப் பெருக்கினால் நன்றாயிராது. பலகையில், மூலத்தின் அளவிலேயே செய்யச் சொல்லுங்கள். வேளாங்கண்ணி மாதாவோ சுரூபம், அதாவது சிலை. அதை ஓவியமாகக் கேட்டால் வெளிச்சம், பின்னணி எல்லாம் ஓவியரின் சொந்தக் கற்பனை. அதற்கு அதிகத் திறமையும் அதிகப் பேச்சும் வேண்டும்.

உரிமை

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். ரவி வர்மா 1906-லும் ஹோஃப்மன் 1911-லும் மறைந்தவர்கள். இவர்களுடைய ஓவியங்களைப் பிரதி எடுக்கத் தடையில்லை. பழுப்பு நிறப் பின்னணியில் பக்கவாட்டாகத் திரும்பிய இயேசுவின் தலை, நம் வீடுகளில் மிகப் பரவலான படம், வார்னர் சால்மன் 1940-ல் வரைந்தது. அவர் இறந்தது 1968-ல். ஆகவே 2028 முடியும்வரை அனுமதியில்லாமல் பிரதி எடுப்பது சரியல்ல.

நேரில் போய்ப் பாருங்கள்

எல்லையோரத்தில் வாழ்வதில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி இது. நாகர்கோவிலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் ரவி வர்மாவின் மூல ஓவியங்களுக்கு முன்னால் நிற்கலாம். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் 1935-ல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் இருக்கிறது. அவருடைய ஓவியங்களுக்கென்றே தனிக் கூடம் ஒன்றும் அதே வளாகத்தில் 2023-ல் திறந்தார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

உங்களுக்கு வேண்டிய படம் அங்கே இல்லாவிட்டாலும் போய் வாருங்கள். ஓவியத்தை முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு கயிறு தடுக்கும் இடம்வரை போய் ஜரிகையைக் கவனியுங்கள். தூரத்தில் பொன்னாக மின்னிய கரை, பக்கத்தில் போனால் மங்கிய மஞ்சளும் பழுப்பும்தான். அதன்மேல் அங்கங்கே கெட்டியாக ஒரு வெளிர் மஞ்சள் புள்ளி. பொன் பொடி கிடையாது. நகைகளும் அப்படியே. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், எந்த ஓவியரின் வேலை நல்லது என்று பிறகு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓவியரையும் கூட அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. பஸ் செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

மாதிரிக்கான கோப்பு

மூல ஓவியத்தை வைத்திருக்கும் மியூசியத்தின் இணையதளம், விக்கிமீடியா காமன்ஸ், கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் ஆகிய மூன்றிலும் தேடுங்கள். நீளப் பக்கம் 4000 பிக்சலுக்குக் குறையாத கோப்பு வேண்டும். முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் இமை முடி தெரியவேண்டும்; கட்டம் கட்டமாகச் சிதறினால் அது பயன்படாது. ஒரே ஓவியம் ஒவ்வொரு தளத்தில் ஒவ்வொரு நிறமாக இருக்கும். பழைய வார்னிஷ் மஞ்சளாகிப்போன காலத்தில் எடுத்த புகைப்படமும் சுத்தம் செய்த பிறகு எடுத்ததும் கலந்து கிடப்பதே காரணம். மியூசியத்தின் சொந்தப் படத்தையே நம்புங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். கூடவே நல்ல ஸ்டுடியோவில் முழுப்படம் ஒன்று, முகம் தனியாக ஒன்று, கைகள் தனியாக ஒன்று எனப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது ஓவியருக்குப் பெரிய உதவி.

அளவு

பிரேம் கடைகளில் தயாராக இருக்கும் அளவுகள் மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று என்று இருக்கும். அந்த அளவுக்குள் ஓவியத்தை அடைக்க முயன்றால் ஒன்று ஓரம் வெட்டுப்படும், அல்லது உருவங்கள் குட்டையாகும். மூலத்தின் உயர அகலத்தை வைத்தே கணக்குப் போடுங்கள்.

மிலான் சுவர் ஓவியம் 460 செ.மீ. உயரம், 880 செ.மீ. அகலம். ஆறடி அகலம் வேண்டுமென்றால் உயரம் 3 அடி 2 அங்குலம் வரும். நான்கடி அகலத்துக்கு 25 அங்குலம். டிரெஸ்டனில் இருக்கும் ரஃபேலின் சிஸ்டைன் மாதா 265-க்கு 196. நான்கடி உயரத்துக்கு அகலம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்தில் இருக்கும் முரில்லோவின் அமலோற்பவ மாதா 274-க்கு 190. நான்கடி உயரத்துக்கு 33 அங்குலம்.

விகிதம் சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது: முகம் எத்தனை அங்குலம் வரும்? இராப்போசனத்தை நான்கடிக்குச் சுருக்கினால் பதின்மூன்று முகங்களும் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறு இடத்தில் யூதாஸின் பதற்றத்தையும் யோவானின் துயரத்தையும் எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவர மிகத் தேர்ந்த கை வேண்டும். ஐந்தடிக்கு இடமில்லை என்றால் வேறு படத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒற்றை உருவம் உள்ள ஓவியம், முகம் ஐந்தாறு அங்குலமாவது வரும் அளவில் இருந்தால், வீட்டுக்கு அதுவே போதும். தினமும் அந்த முகத்துக்கு முன்னால்தானே நிற்கப்போகிறோம்.

அளவை முடிவு செய்ததும் அதே அளவுக்குச் செய்தித்தாளை ஒட்டிச் சுவரில் சில நாள் விட்டுவையுங்கள். கதவு திறந்தால் மறைக்கிறதா, மின்விசிறிக் காற்று நேராக அடிக்கிறதா, ஜன்னல் வெளிச்சம் பளிச்சிடுகிறதா எல்லாம் தெரிந்துவிடும்.

ஓவியரைத் தேர்ந்தெடுப்பது

நம் பக்கத்தில் கோயில் சுதை வேலைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களும், தேவாலயப் பீடங்களுக்கு வரைகிறவர்களும், பேனர் வரைந்து பழகிய மூத்தவர்களும், திருவனந்தபுரம் ஓவியக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும், அவர் இதற்குமுன் செய்த எண்ணெய் ஓவியத்தில் ஒரு முகத்தையும் ஒரு கையையும் நேரில் பாருங்கள். போனில் காட்டும் படம் போதாது. கை வரையத் தெரிந்தவர் எதையும் வரைவார். விரல்களைச் சேலைக்குள்ளோ பூவுக்குள்ளோ மறைத்தே எல்லாப் படத்தையும் முடித்திருந்தால் யோசியுங்கள்.

கடையில் தயாராக வாங்குகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, அதன்மேல் தெளிவான ஜெல்லைத் தூரிகையால் இழுத்து, ‘ஹேண்ட் பெயிண்டிங்’ என்று விற்பது பரவலாக நடக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மேடு பள்ளங்களைக் கவனியுங்கள். உண்மையான ஓவியத்தில் தூரிகைத் தடம் உருவத்தோடு போகும்: மூக்கில் மூக்கின் வழியே, சேலை மடிப்பில் மடிப்பின் வழியே. ஜெல் பூசியதில் தடம் ஒரு பக்கம் போகும், படம் இன்னொரு பக்கம் போகும். போன் கேமராவைக் கிட்டத்தில் வைத்துப் பெரிதாக்கினால் பிரிண்டின் நுண்புள்ளிகள் தெரியும். பிரிண்டின்மேல் அங்கங்கே உண்மையான வண்ணம் தொட்டு விற்பதும் உண்டு. கண், உதடு, நகை மட்டும் தடித்திருந்து மற்ற இடம் தட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பேசி முடிக்கவேண்டியவை

கேன்வாஸ்: நான்கடி வரை நல்ல தடித்த பருத்தி போதும். அதற்கு மேல் லினன் நல்லது, நடுவில் குறுக்குச் சட்டமும் வேண்டும். பிரேம் கடையில் தட்டையான ரீப்பரில் ஆணியடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். துணி கட்டையில் படிந்து, சில ஆண்டுகளில் ஓவியத்தின் ஓரமெல்லாம் கோடு விழும். உள்விளிம்பு சரிவாகச் செதுக்கிய ஸ்ட்ரெச்சர் சட்டமும், மூலைகளில் தட்டி இறுக்க ஆப்பும் இருக்கவேண்டும். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வீடு என்றால் பின்கள் துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள்; சாதாரணப் பின் துருவேறித் துணியைத் தின்றுவிடும்.

வண்ணம்: மாணவர்களுக்கான மலிவு ட்யூப் வேண்டாம், ஆர்ட்டிஸ்ட் தரம் வேண்டும். ட்யூபில் சிறிய எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.ஆர். 83 என்று இருந்தால் அது அலிசரின் கிரிம்சன். மெல்லிய பூச்சில் வெளுத்துப்போகும் சிவப்பு. லட்சுமியின் சேலையும் இயேசுவின் அங்கியும் வெளுக்காமல் இருக்க, அதற்குப் பதில் குவினக்ரிடோன் வகைச் சிவப்பைக் கேளுங்கள். பொன் பொடியும் மின்னும் வண்ணமும் வேண்டவே வேண்டாம். கடற்காற்றில் அவை கறுத்துப்போகும். அதோடு ரவி வர்மா எப்படிப் பொன்னை வரைந்தார் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

காலம்: எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் நாட்கள் வேண்டும். ஈரக் காற்றில் இன்னும் இழுக்கும். நமக்கோ இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. தை பிறந்ததும் தொடங்கினால் நல்லது. ஒற்றை உருவத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம். பல உருவங்கள் என்றால் அதற்கு மேல். பால்காய்ப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓவியரிடம் போகாதீர்கள். அவசரப்படுத்தினால் அடிப்பூச்சு காயுமுன் மேல்பூச்சு ஏறும். கீழே அசைந்துகொண்டிருக்க மேலே இறுகி, பின்னால் வெடிப்பு விடும். நல்ல ஓவியர்கள் அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் வைப்பது இதனால்தான். ‘அண்ணே, எனக்கு அவசரமில்ல, நல்லா காயவிட்டுச் செய்யுங்க’ என்ற ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தாலே ஓவியம் பாதி தேறிவிடும்.

பணம்: சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். முகங்களின் எண்ணிக்கையை வைத்துப் பேசுவதே நியாயம். அட்வான்ஸ் ஒரு பங்கு, முகம் முடிந்ததும் ஒரு பங்கு, கையில் வாங்கும்போது மீதி என்று எழுதிக்கொள்ளுங்கள். பேரம் பேசிக் குறைத்த தொகை, கடைசியில் முகத்திலிருந்துதான் குறையும்.

முகம்: மூன்று முறை பார்க்கவேண்டிய இடம்

வழிகாட்டி முழுவதிலும் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். முடிந்த பிறகு போய்ப் பார்க்காதீர்கள். மூன்று கட்டத்தில் போய்ப் பாருங்கள், அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதல் முறை, கேன்வாஸில் கோட்டோவியம் மட்டும் இருக்கும்போது. கட்டம் போட்டு வரைந்தாலும் புரொஜக்டரில் ஒளி பாய்ச்சி வரைந்தாலும் தவறு நேரலாம். ஓவியத்துக்கு நேர் எதிரே நின்று, சாய்வில்லாமல் போனில் படமெடுங்கள். மூலப் படத்தை அதன்மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துக் காட்டும் ஆப்கள் உண்டு. கண்களின் சாய்வு, மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள தூரம், காது தொடங்கும் இடம் மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். கரிக்கோட்டைத் துடைத்து மாற்ற ஐந்து நிமிடம் போதும். இந்தக் கட்டத்தில் சொன்னால் எந்த ஓவியரும் கோபப்படமாட்டார்.

இரண்டாம் முறை, பழுப்பு நிறத்தில் ஒளியும் நிழலும் மட்டும் போட்டிருக்கும்போது. இப்போது மூலத்தையும் ஓவியத்தையும் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கெத்செமனே படம் என்றால் மேலிருந்து முகத்தில் விழும் ஒளியும், சுற்றி அடர்ந்த இருட்டும் இதே கட்டத்தில் வந்திருக்கவேண்டும். இருட்டுக்குப் பயந்து பின்னணியை வெளிர்ப்பிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இருட்டு குறைந்தால் ஒளியும் குறைந்துபோகும்.

மூன்றாம் முறை, முகத்துக்கு வண்ணம் முடிந்து நகையும் பூவும் தொடங்காதபோது. கண்ணைப் பாருங்கள். விழியின் வெள்ளை உண்மையில் வெள்ளையல்ல, சாம்பல் கலந்த மங்கல் நிறம். மேல் இமையின் நிழல் அதில் விழும். தூய வெள்ளையை வைத்துவிட்டால் கண் பிதுங்கி, சாந்தம் போய்விடும். கருவிழியின் ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்கவேண்டும். உதட்டோரம் ஒரு நூல் அளவு மேலே போனால் புன்னகை இளிப்பாகும், கீழே வந்தால் கடுகடுப்பாகும். நிறத்தை வெளுக்கச் சொல்லி நீங்களே கேட்டுவிடாதீர்கள். ‘கொஞ்சம் கலர் கூட்டுங்க’ என்ற கோரிக்கையால்தான் மூலத்திலிருந்த மாநிறம் காலண்டரில் இளஞ்சிவப்பாகிப் போனது.

வீட்டில் மூத்தவர் ஒருவரை மூன்றாம் முறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரேம், விகிதம் எதுவும் அவருக்குத் தெரியவேண்டாம். கைகூப்பத் தோன்றுகிறதா என்று அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

வார்னிஷ்

தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் உள்ளே முழுதும் இறுக ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும். இறுதி வார்னிஷ் அதற்குப் பிறகுதான். அதுவரை தற்காலிகமாக மெல்லிய ரீடச்சிங் வார்னிஷ் போடலாம். ஓராண்டு கழித்து வந்து வார்னிஷ் அடிப்பதையும் முதல் பேச்சிலேயே விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். குங்கிலிய வகைப் பிசினான டம்மர் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். செயற்கைப் பிசின் வார்னிஷ் கேளுங்கள், அதிலும் பளபளப்புக் குறைந்தது. பளபளக்கும் வார்னிஷில் குத்துவிளக்கின் சுடரும் டியூப்லைட்டும் எதிரொளித்து முகத்தை மறைத்துவிடும்.

பிரேமும் சுவரும்

எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். தேக்குச் சட்டம் கரையானுக்கு அவ்வளவாக இடம் கொடுக்காது. பின்புறத்தை பிளைவுட்டால் அடைக்காமல், சன்பேக் ஷீட்டை (நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டை) அளவாக வெட்டி, காற்றுப் போக மேலும் கீழும் சில துளைகள் போட்டுத் திருகிவிடுங்கள். துளைமேல் கொசுவலைத் துண்டு ஒட்டினால் பல்லி உள்ளே போய் முட்டையிடாது.

மழை அடிக்கும் மேற்குப் பக்க வெளிச்சுவரில் மாட்டவேண்டாம். உட்புறச் சுவரே நல்லது. வேறு வழியில்லை என்றால் சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர் குமிழ் வைத்து, சுவருக்கும் ஓவியத்துக்கும் அரை அங்குல இடைவெளி விடுங்கள். புதிதாகப் பூசிய சுவர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும். நேர்வெயில் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. இருட்டறையில் வண்ணத்தில் கலந்திருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் மஞ்சளிக்கும்.

பூ, விளக்கு, குங்குமம், தீர்த்தம்

அலமாரியில் வைத்து வேடிக்கை பார்க்க வாங்கிய படம் இல்லை இது; வழிபட வாங்கியது. ஆகவே வழிபாட்டை நிறுத்தாமல் ஓவியத்தைக் காப்பாற்றும் வழிதான் வேண்டும்.

குங்குமமும் சந்தனமும் கேன்வாஸில் படக்கூடாது. வண்ணத்தில் ஊறினால் எடுக்க முடியாது. சட்டத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பித்தளைத் தகடு பதித்து, பொட்டை அதில் வையுங்கள். மாலைக்குச் சுவரில் தனிக் கொக்கி அடித்து, ஓவியத்தைத் தொடாமல் சட்டத்துக்கு வெளியே தொங்கவிடுங்கள். ஈரப் பூ நாள் முழுதும் கேன்வாஸில் ஒட்டிக் கிடந்தால் அந்த இடம் தளர்ந்து குழியும். எண்ணெய் விளக்கு மூன்றடியாவது தள்ளி, நேர் கீழே இல்லாமல் இருக்கட்டும். சாம்பிராணிப் புகையை அறை முழுக்கக் காட்டலாம், ஓவியத்துக்கு முன்னால் நிறுத்திக் காட்டவேண்டாம். திருஇருதயப் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்கு எல்.இ.டி.யாக இருந்தால் சூடு இல்லை.

படத்தை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வரும்போது, இறுதி வார்னிஷ் அடிக்காத ஓவியம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீர்த்தத்தைச் சட்டத்தின்மேல் தெளிப்பார். தப்பித்தவறி ஓவியத்தில் பட்டால் தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியை ஒற்றி எடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை

மழைக்காலம் முடிந்ததும் படத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். ஒட்டடை, பூசணம், கரையான் மண் மூன்றையும் தேடுங்கள். முன்புறத் தூசியை மென்மையான, காய்ந்த அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். ஈரத்துணி, சோப்பு, வெட்டிய உருளைக்கிழங்கு, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். துணி தொய்ந்திருந்தால் மூலை ஆப்புகளைச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள், ஒவ்வொன்றையும் சம அளவில். வெள்ளைப் பூசணம் முன்பக்கம் தெரிந்தால் நீங்களே துடைக்காமல், படத்தைக் காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டு ஓவியரைக் கூப்பிடுங்கள்.

ஓவியம் வீட்டுக்கு வரும் நாளிலேயே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. பின்புற ஷீட்டில் ஓர் அட்டையை ஒட்டி, மூல ஓவியத்தின் பெயர், அதை வரைந்தவர், இந்தப் பிரதியை வரைந்த ஓவியரின் பெயர், ஆண்டு, பயன்படுத்திய வண்ணங்கள், வார்னிஷின் பெயர், அடித்த தேதி எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பிற்காலத்தில் இதைச் சுத்தம் செய்ய வருகிறவருக்கு எந்த வார்னிஷை எதனால் எடுக்கலாம் என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும். முன்பக்கத்தில் ரவி வர்மாவின் கையெழுத்தைப் பிரதி எடுக்கச் சொல்லாதீர்கள். அவர் ஓவியங்கள் நாட்டின் கலைச் செல்வங்கள் என்று அறிவிக்கப்பட்டவை, வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தடை உள்ளவை. வளைகுடாவில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ இந்தப் பிரதியை அனுப்பும்போது, போலிக் கையெழுத்து இருந்தால் விமான நிலையத்தில் பதில் சொல்லி மாளாது. கீழ் மூலையில் நம் ஊர் ஓவியர் தம் பெயரைப் போடட்டும்.